என் பெயரில் ஒரு விரல்

நான்கு வருடம் என் பெயர் தினமும் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போய் வந்தது. நான் ஆரம்பாக்கத்தில் வீட்டிலேயே இருந்தேன். ஏதோ விடுகதை போடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். எங்கள் பக்கம் பல வீடுகளில் நடக்கிற சங்கதிதான். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு முன்பு நான் ஒரு மூடி கம்பெனியில் இருந்தேன். தண்ணீர் பாட்டில், எண்ணெய் பாட்டில் எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் மூடி செய்கிற இடம். மெஷினிலிருந்து வந்து விழுகிற மூடிகளில் ஓரம் பிசிறியதையும் நிறம் மங்கியதையும் பொறுக்கி எறிந்துவிட்டு, நல்லதைப் பையில் கட்டுவது என் வேலை. ஜன்னலோரம் எனக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. கம்பெனி நேரடியாக எடுத்த ஆள் இல்லை நான், கான்ட்ராக்ட்தான். ஆனாலும் எங்கள் கான்ட்ராக்ட்காரர் சம்பளத்தில் பிடித்ததை ஒழுங்காகக் கட்டி, எனக்கு இ.எஸ்.ஐ. அட்டை வாங்கிக் கொடுத்திருந்தார். அந்த அட்டையின் அருமை எங்கள் வீட்டுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

காரணம் நைனா. அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். ஆந்திரா எல்லை கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊர். கழனிக் கூலியை விட்டுக் கம்பி ஆலைக்குப் போனவர் அவர். ஒருநாள் உருளையில் இடது கையின் இரண்டு விரல்களைக் கொடுத்துவிட்டு வந்தார். இ.எஸ்.ஐ. மெடிக்கல் போர்டில் டாக்டர்கள் அவர் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, போன விரல்களுக்காக ஆயுசு முழுக்க மாதாமாதம் பணம் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆலையே இழுத்து மூடப்பட்டுவிட்டது, பணம் மட்டும் நிற்கவில்லை. "மீதி எட்டு வெரலும் சும்மா குந்திகினுகீது. போன ரெண்டுதான் சம்பாதிக்குது" என்று டீக்கடையில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளி வாழ வந்தேன். கணவர் கம்பெனி வேன் ஓட்டுகிறவர். மாமியாருக்கு மருமகள் ஷிப்ட் போவது பிடிக்கவில்லை. நின்றுவிடுகிறேன் என்று சூப்பர்வைசரிடம் சொல்லப் போனபோது அவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"பேரை எடுத்துடாதம்மா. ஆளு நின்னா நின்னுக்க, பேரு இருக்கட்டும். உன் பேருல வேற பொண்ண உக்கார வச்சிக்கறேன். உங்கம்மாவுக்கு அந்த கார்டுல சுகர் மாத்திரை வந்துகினுதானே இருக்குது? அது பாட்டுக்கு வரும்."

அம்மாவின் மாத்திரைதான் என்னை மடக்கியது. மறுவாரமே அந்த 'வேற பொண்ணு' என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

எங்கள் பக்கத்தில் இலங்கையிலிருந்து வந்தவர்களின் முகாம் இருக்கிறது. கேம்ப் என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இவளை வயிற்றில் சுமந்துகொண்டு அவள் அம்மா படகேறி வந்தாராம். பிறந்தது, படித்தது, தாலி கட்டிக்கொண்டது எல்லாம் இங்கேதான், ஆனால் காகிதத்தில் அவள் இந்த நாட்டு ஆள் இல்லை. கேம்ப் ஆட்களை எடுக்கக் கூடாது என்று மூடி கம்பெனி வாய்மொழியாகச் சொல்லி வைத்திருந்தது. அதனால்தான் என் பெயர் அவளுக்குத் தேவைப்பட்டது.

"என்னை என்ட பேரில எடுக்கமாட்டாங்களாம் அக்கா. கேம்ப் எண்டாலே வேண்டாம் எண்டுறாங்கள்" என்றாள். பிறகு, நான் கேட்காமலேயே, "உங்கட பேரைக் கெடுக்கமாட்டன்" என்றாள்.

அவள் தன் பெயரையும் அன்றைக்குச் சொன்னாள். அது என் காதில் நிற்கவில்லை. போனில் அவள் நம்பரை 'கம்பெனி' என்று போட்டு வைத்துக்கொண்டேன். பேசும்போது வாம்மா, போம்மா. வீட்டில் பேசும்போது 'கேம்ப் பொண்ணு'. பி.காம். முடித்தவள் என்பது மட்டும் நன்றாக நினைவிலிருந்தது. நான் பத்தாம் வகுப்பில் கணக்கில் பெயிலாகிப் போனவள்.

கம்பெனி வாசலில் கட்டை விரல் வைக்கிற மெஷினில் சூப்பர்வைசர் என் ரேகையை எடுத்துவிட்டு அவள் ரேகையை ஏற்றினார். சம்பளம் வருகிற என் ஏ.டி.எம். அட்டையை அவளிடம் கொடுத்தேன். இ.எஸ்.ஐ. அட்டை மட்டும் என்னிடம், சாமி படத்துக்குப் பின்னால். அதில் இருக்கிற போட்டோ என்னுடையது, அதை அவளிடம் கொடுத்துப் பிரயோஜனம் இல்லை. அவள் உழைப்பிலிருந்து பிடித்தது என் நம்பரில் ஏறியது. என் அம்மா மாதம் தவறாமல் டிஸ்பென்சரிக்குப் போய்ப் பை நிறைய மாத்திரையோடு வந்தார். அவளுடைய அம்மாவுக்கும் சுகர்தான். அந்த அம்மா அரசாங்க ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்பார், இல்லாவிட்டால் மெடிக்கலில் நாலு நாலு மாத்திரையாக வெட்டி வாங்குவார். கேம்புக்கும் அரசாங்கக் காப்பீட்டு அட்டை உண்டு. பெரிய ஆபரேஷன் என்றால் அது உதவும். தினம் விழுங்குகிற மாத்திரைக்கும், அடிபட்டுப் படுத்தால் கிடைக்கிற சம்பளத்துக்கும் அது ஆகாது.

இவ்வளவையும் தெரிந்து வைத்துக்கொண்டுதான் நான் அவள் மேல் பொறாமைப்பட்டேன். என்னிடம் இருப்பது அவளிடம் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் வயிறு எரிந்தது. பொறாமை என்ன, பட்டியல் பார்த்தா வருகிறது?

முதல் முறை அது வந்தது கும்மிடிப்பூண்டி பஜாரில். பூ வாங்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து யாரோ என் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார்கள். குரல் தெரிந்த குரல், என் பக்கத்து நாற்காலியில் இரண்டு வருடம் உட்கார்ந்திருந்தவள். முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினேன். அவள் என்னைத் தாண்டி ஓடினாள். பத்தடி தள்ளி, கம்பெனியின் நீலக் கோட்டும் கழுத்தில் தொங்குகிற அட்டையுமாக, கேம்ப் பொண்ணு திரும்பி நின்று கை காட்டிக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் என் தோழி என்னைப் பார்த்தாள்.

"அய்ய, நீயாடி? உன்ன இல்ல, நான் அவள கூப்ட்டேன்."

ஆரம்பத்தில் சூப்பர்வைசருக்குப் பயந்து எல்லோரும் அவளை என் பெயரால் கூப்பிட்டார்கள். அதுவே பழகி, என் பெயர் அவளுடையதாகிவிட்டது. பூக்காரி இரண்டு முழமா என்று கேட்டதற்கு நான் நாலு முழம் என்று வாங்கி வந்தேன், ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

வீட்டில் சொன்னால் ஆறுதல் கிடைக்கும் என்று பார்த்தேன். என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "அவ போனதுக்கு அப்பறம்தான் கம்பெனியில உன் பேருக்கே நல்ல பேரு. நீ இருக்கசொல்ல மாசத்துக்கு நாலு நாள் லீவு, ஞாபகம்கீதா?" என்றார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அடுத்தது அந்த டிபன் கேரியர். கம்பெனியில் பாதுகாப்பு தினம் என்று ஒரு விழா வைப்பார்கள். வருடம் முழுக்க லீவு போடாமல், அடிபடாமல் வேலை செய்தவர்களுக்குப் பரிசு உண்டு. அந்த வருடம் பரிசு எனக்கு. மேடையில் என் பெயரைப் படித்தார்கள், அவள் ஏறி வாங்கினாள், எல்லோரும் கை தட்டினார்கள். நாலடுக்கு எவர்சில்வர் கேரியர். கல்யாணச் சீர் பாத்திரத்தில் வெட்டுகிற மாதிரியே, மூடியில் என் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தார்கள். மறுநாள் மாலையே அதை எடுத்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள்.

"நீங்களே வச்சிருங்கோ அக்கா. பேர் உங்கடதுதானே."

வேண்டாம் என்று ஒரு வார்த்தைக்காவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாங்கி, அலமாரியில் கண்ணில் படுகிற மாதிரி வைத்தேன். வந்தவர்கள் யாராவது கேட்டால், "கம்பெனியில குடுத்தது" என்பேன். பொய்யும் இல்லை. ஆனால் அதில் ஒருநாள்கூடச் சோறு கட்டவில்லை. திறக்கும்போதெல்லாம் கை தட்டுகிற சத்தம் கேட்பது போல இருந்தது.

கடைசியில் ஒருநாள் பொறுக்க முடியாமல் அவளிடம் நேராகச் சொன்னேன்: "அடுத்த மாசத்துலேர்ந்து நானே வேலைக்குப் போலாம்னு இருக்கறேன். மாமியார்கிட்ட பேசிட்டேன்." மாமியாரிடம் நான் ஒன்றுமே பேசியிருக்கவில்லை. அவள் முகம் சுருங்கியதைப் பார்க்கத்தான் சொன்னேன், பார்த்தேன்.

"ஒரு மூண்டு மாசம் தாங்கோ அக்கா. பிள்ளையை இந்த வருசம்தான் பள்ளிக்கூடம் சேர்த்தனான்" என்றாள்.

"யோசிச்சி சொல்றேன்" என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை. அவளைக் காக்க வைப்பதில் ஒரு சுகம் இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

பதினைந்து நாள்கூட ஆகியிருக்காது. பகல் பதினோரு மணி வாக்கில் சூப்பர்வைசர் போன் செய்தார்.

"யம்மா, உனுக்கு கையில அடிபட்டுடுச்சி."

"யாருக்கு?"

"உனுக்குத்தாம்மா! உன் பேருல இருக்கறாளே, அவளுக்கு. மெஷின் ஆளு வரல, மூடி சிக்கிகிச்சி, எடுத்து உடுன்னு சொன்னேன். விரல இழுத்துடுச்சி. இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறேன். நீ கார்டை எடுத்துகினு ஓடியா."

நான் ஓடவில்லை. அதைத்தான் இங்கே எழுத வேண்டும், வேறெதை எழுதாமல் விட்டாலும். அடுப்பில் குக்கர் இருந்தது. மூன்று விசில் வரும்வரை நின்றேன். கம்பெனி ஆட்கள் இருப்பார்களே, இத்தனை வருடம் கழித்து என்னைப் பார்ப்பார்களே என்று பீரோவைத் திறந்து நல்ல புடவையாகத் தேடி எடுத்துக் கட்டினேன். தலை வாரினேன். 'இனி என் பெயரில் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் படுக்கப் போகிறாள்' என்று ஒரு நினைப்பு ஓடியது. முக்கால் மணி நேரம். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வலது கையில் துண்டு சுற்றியிருந்தது. துண்டு முழுக்கச் சிவப்பு. என் புடவையைப் பார்த்தாள். சூப்பர்வைசர் அட்டையை வாங்கி கவுன்டரில் நீட்டினார். அங்கிருந்த அம்மா போட்டோவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பின்னால் நின்ற என்னைப் பார்த்தார்.

"கார்டு உங்களுதுதானே?"

"ஆமாம்" என்றேன்.

"அடி யாருக்கு?"

அட்டைக்குரிய முகம் எனக்கு, அதற்குரிய காயம் அவளுக்கு. இரண்டையும் ஒருத்தியிடம் சேர்க்க எங்களால் முடியவில்லை. "மேடம், கார்டு மாறிப்போச்சி, இதோ வர்றேன்" என்று சூப்பர்வைசர் எங்களை வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

அரசாங்க ஆஸ்பத்திரிக்கே போகலாம் என்று அவள் சொன்னாள். "அங்க போனா போலீசுக்கு எழுதுவான், பேஜாரு. யாரு நீ, எப்பிடி உள்ள வந்தன்னு கேப்பான்" என்றார் அவர். பஜாருக்குப் பின்னால் ஒரு சின்ன கிளினிக்கில் தையல் போட்டுக் கட்டு கட்டினார்கள். நாலாம் நாள் விரல் கறுத்துவிட்டது. சென்னையில் பெரிய அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆள்காட்டி விரலை அடியோடு எடுத்தார்கள் என்று தோழி போனில் சொன்னாள்.

ரயிலேறிப் பார்க்கப் போனேன். பெண்கள் வார்டு வாசலில் நர்ஸ், "யாரைப் பாக்கணும், பேரு?" என்றார். என் வாயில் என் பெயர்தான் வந்தது. நர்ஸ் நோட்டைப் பார்த்துவிட்டு அப்படி யாரும் இல்லை என்றார். வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை. நாலு வருடம் என் அம்மாவுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தவளின் பெயர் எனக்குத் தெரியவில்லை. "கேம்ப்லேர்ந்து வந்தவங்க. விரலு எடுத்தாங்களே" என்றேன். "அப்பிடிச் சொல்லுங்க" என்று கை காட்டினார்.

கட்டில் தலைமாட்டில் அவளுடைய சொந்தப் பெயரை எழுதி ஒட்டியிருந்தது. என் பெயரைவிட நல்ல பெயர். அந்த இடத்திலும், அவள் கையின் கட்டைப் பார்த்துக்கொண்டே, எனக்கு அப்படித்தான் தோன்றியது. நான் என்ன செய்ய!

"இங்க என்னை என்ட பேரில கூப்பிடுறாங்கள் அக்கா" என்று சிரித்தாள். "முதல் நாள் நர்ஸ் நாலு தரம் கூப்பிட்டவ. நான் திரும்பியே பார்க்கேல்ல."

வாங்கிப் போன ஆரஞ்சை உரித்துக் கொடுத்தேன். இடது கையால் வாங்கிக்கொண்டாள்.

கம்பெனியில் இருபது பேர் கண்ணெதிரே நடந்த விபத்தை மறைக்க முடியாது. அதனால் கான்ட்ராக்ட்காரர் என் பெயரிலேயே அறிக்கை எழுதி இ.எஸ்.ஐ.க்கு அனுப்பிவிட்டார். அது எங்கள் இருவருக்கும் தெரியாது. அவள் வேலைக்குத் திரும்பவில்லை, அந்தக் கையை வைத்துக்கொண்டு மூடி பொறுக்க முடியாது. நானும் போகவில்லை. நாற்காலியில் வேறு யாரோ. சில மாதம் கழித்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. நைனா அப்போது வீட்டில் இருந்தார். கவரின் மேலே பார்த்ததுமே அவர் முகம் மலர்ந்தது.

"மெடிக்கல் போர்டு! எனுக்கும் இதே மாரிதான் வந்துச்சி. நேர்ல போனா கையப் பாத்து எழுதிக் குடுத்துடுவான், ஆயுசுக்கும் வரும்" என்றவர், சட்டென்று நிறுத்தி, என் இரண்டு கைகளையும் பார்த்தார். "எந்த வெரலும்மா?"

நான் நடந்ததைச் சொன்னேன். அவர் தன் எட்டு விரல்களையும் மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். "அந்தப் பொண்ணுக்கு வர வேண்டிய டப்பும்மா இது" என்று மட்டும் சொன்னார்.

கடிதத்தையும் அந்த டிபன் கேரியரையும் எடுத்துக்கொண்டு கேம்புக்குப் போனேன். அவள் வீட்டுக்கு நான் போனது அதுதான் முதல் முறை. கடிதத்தின் இங்கிலீஷை அவள்தான் எனக்குப் படித்துச் சொன்னாள். காயம்பட்ட கையோடு அட்டைக்குரியவர் நேரில் வர வேண்டுமாம்.

"நான் போயி உண்மைய சொல்லிடறேன்" என்றேன். "பேருதான் என்னுது, உழைச்சது அவ, விரலு போனதும் அவளுக்குன்னு சொல்லிடறேன். வரப்போற மாசப் பணம் உனுக்கு வரட்டும்."

"வேண்டாம் அக்கா!" அவள் பதறிவிட்டாள். "குடியுரிமைக்கு எழுதிக் குடுத்திருக்கிறம். ஆள்மாறாட்டம் எண்டு ஒரு கேஸ் வந்தாலே போதும், என்ட பிள்ளையின்ட வழியும் அடைஞ்சு போகும். விரல் போனது போகட்டும்."

எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. கேஸ் என்றால் அது என் மேலும்தானே வரும். அந்த நிம்மதி முகத்தில் தெரிந்துவிடக் கூடாதே என்று கேரியரை அவள் பக்கம் தள்ளினேன். அவள் மூடியைத் தடவிப் பார்த்தாள். புள்ளி புள்ளியாக என் பெயர்.

"இதில உங்கட பேர் இருக்கு அக்கா. கேம்பில ஆரும் பார்த்தா, எங்க எடுத்தனி எண்டு கேட்பாங்கள்" என்று திருப்பிக் கொடுத்தாள்.

கேரியர் இப்போதும் என்னிடம்தான். கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. இரண்டு மாதம் கழித்து போஸ்ட்மேன் பதிவுத் தபால் ஒன்றோடு வாசலில் வந்து நின்றார். என் பெயரைச் சத்தமாகப் படித்து, "நீங்கதானே?" என்றார். நான்தான் என்றேன். பேனாவைக் கொடுத்து, "இங்க ஒரு கையெழுத்து போடுங்க" என்றார். போட்டுவிட்டு, பேனாவைத் திருப்பித் தரக்கூட மறந்து, அங்கேயே பிரித்தேன். அவள் படித்துச் சொன்ன அதே இங்கிலீஷ்தான், இப்போது எனக்கே கொஞ்சம் புரிந்தது. வலது கை ஆள்காட்டி விரலை இழந்த நான் போர்டின் முன் வர இதுவே கடைசி வாய்ப்பு என்று போட்டிருந்தது.

"மேடம், பேனா" என்று போஸ்ட்மேன் கை நீட்டினார். அது இன்னும் என் ஆள்காட்டி விரலின் பிடியில்தான் இருந்தது.